கிளெண்டா சிரித்த வழக்கு

கிளெண்டா பாக்லிங்டனை வேலையை விட்டு அனுப்பியதற்குக் காரணம், அவள் சிரித்தாள் என்பதுதான். திருடவில்லை, யாரையும் கைநீட்டி அடிக்கவில்லை, குடித்துவிட்டு வரவில்லை. கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் மீன் தொழிற்சாலையில், ஹாடக் மீன் துண்டுகளுக்கு ரொட்டித்தூள் பூசும் வரிசையில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவள். அந்தக் குளிரில் அவ்வளவு காலம் நின்றவளுக்கு எப்போதாவது சிரிக்க உரிமை இல்லையா என்று பிற்பாடு ஊரே கேட்டது. ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேட்கவில்லை.

அவள் சிரிப்பு கொஞ்சம் வித்தியாசமானதுதான். முதலில் மூக்கில் ஒரு சீறல் வரும். பிறகு குளிரில் கிளம்ப மறுக்கும் லாரி மாதிரி இரண்டு மூன்று இழுப்பு. கிளம்பிவிட்டால் அவளாலேயே நிறுத்த முடியாது. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். மாமியாரின் அடக்கத்தின்போது பாதிரியார் செத்தவள் பெயரை மாற்றிச் சொல்லிவிட, கிளெண்டா சிரித்து, சவப்பெட்டி தூக்கியவர்கள் வரை சிரித்து, பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்த கதை குடும்பத்தில் இன்றும் உண்டு. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் இவளைக் கட்டினேன் என்று அவள் கணவன் டெரிக் சொல்வான். சொல்லிக்கொண்டே டிவி சத்தத்தைக் கூட்டுவான்.

தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த நிர்வாக இயக்குநர் பெயர் க்ரிஸ்பின். அதற்கு முன் சென்ட் விற்கும் கம்பெனியில் இருந்தவர். உயரமான மனிதர், நல்ல சட்டை. எல்லோரும் தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே கட்டளை போட்டார். அதே முதல் நாள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர், தொழிலாளிகளில் தானும் ஒருவன் என்று காட்டுவதற்காகக் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு ஹாடக்கைத் தூக்கிப் பிடித்தார். போட்டோ எடுத்து முடிப்பதற்குள் அவர் உதடு பன் மாதிரி உப்பிவிட்டது. கண் இரண்டும் மூடிக்கொண்டன. ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. மீன் தொழிற்சாலைக்கு வந்த தலைவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்பதை அன்று ரொட்டித்தூள் வரிசை, பொரிக்கும் வரிசை, பெட்டி கட்டும் வரிசை என அத்தனை பேரும் கண்ணால் பார்த்தார்கள். அதன்பிறகு நிர்வாகத்தின் கடிதங்களில் அதற்கு 'அந்தச் சம்பவம்' என்று பெயர். வரிசைகளில் வேறு பெயர்கள்.

சிரிப்பு நடந்தது அதற்கடுத்த மாதம். எல்லோரையும் கேன்டீனில் கூட்டி க்ரிஸ்பின் பேசினார். டீ இடைவேளையைக் குறைப்பதுதான் விஷயம். ஆனால் அதை அப்படிச் சொல்லவில்லை. நாம் ஒரு குடும்பம், குடும்பத்தில் யாராவது கடிகாரத்தைப் பார்த்து டீ குடிப்பார்களா என்று ஆரம்பித்தார். கிளெண்டாவின் வீட்டில் டெரிக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் டீ குடிப்பான், அதனால் அவளுக்கு அப்போதே கொஞ்சம் மூக்கு அரித்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டாள். பிறகு க்ரிஸ்பின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "நான் வெளியாள்னு நெனைக்காதீங்க. என் ரத்தத்துலயே மீன் ஓடுது" என்றார்.

கிளெண்டாவுக்கு இடது பக்கத்தில் நின்றவன் மால்கம் டாசன். உற்பத்தி மேலாளர். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவளும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் ஏணியில் ஏறி வெள்ளைக் கோட்டுக்குப் போனான், அவள் வரிசையிலேயே நின்றாள், ஆனாலும் பேச்சு அதே வா போ பேச்சுதான். அவன் முகத்தை நேராக வைத்துக்கொண்டு அவள் காதோடு சொன்னான்: "அப்போ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கப்பா."

அவ்வளவுதான். சீறல் வந்தது, லாரி இழுத்தது, கிளம்பியும் விட்டது. முதலில் ரொட்டித்தூள் வரிசைக்குத் தொற்றியது, அங்கிருந்து மற்றவற்றுக்கு. இருநூறு பேர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மால்கம் நாற்காலி முதுகைப் பற்றிக் குனிந்து, கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். க்ரிஸ்பின் தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கிளெண்டாவைப் பார்த்துச் சொன்னார். அவள் முயற்சி செய்தாள். உண்மையாகவே முயற்சி செய்தாள். உதட்டைக் கடித்ததில் சத்தம் மூக்கு வழியாக இன்னும் பெரிதாக வந்தது.

இருநூறு பேரை வேலையை விட்டு அனுப்பினால் யார் மீனைப் பொரிப்பது? அதனால் யார் ஆரம்பித்தது என்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குக் கடிதம் வந்தது. 'தொடர்ச்சியான, ஏளன நோக்குடைய, பிறருக்குப் பரவும் தன்மை கொண்ட சிரிப்பு' என்று அதில் எழுதியிருந்தது. கடும் ஒழுங்கீனம், விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது. டெரிக் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "பரவும்னு போட்டிருக்கான். உனக்கு என்ன அம்மையா?" என்று கேட்டான்.

விசாரணையை நடத்தியவள் மனிதவளத் துறையின் தலைவி பெட்ரா. அவளுக்குக் குரல் பஞ்சு மாதிரி. மேஜையில் கண் துடைக்கும் காகிதப் பெட்டி ஒன்று வைத்திருப்பாள். கெட்ட சேதி எதையாவது சொல்லப்போகும்போது அதை எதிராளி பக்கம் இரண்டு அங்குலம் தள்ளுவாள். கிளெண்டாவுக்குத் துணையாகச் சங்கத்தின் பிரதிநிதி நார்மன் வந்திருந்தான். பொரிக்கும் வரிசையில் எண்ணெய் மாற்றுகிற ஆள். சட்டப் புத்தகம் என்றால் அவனுக்குக் குதிரைப் பந்தயத்தை விட மேல். ஒரு வழக்காவது தீர்ப்பாயம் வரை போய்ப் பார்க்க வேண்டும் என்று பல வருஷமாகக் காத்திருந்தவன், ஒவ்வொரு முறையும் நிர்வாகம் கடைசி நேரத்தில் சமரசம் செய்து அவன் மனதை உடைத்துக்கொண்டிருந்தது.

எல்லோருமேதான் சிரித்தார்கள் என்றாள் கிளெண்டா.

"அவங்க உங்க சிரிப்பைப் பார்த்துச் சிரிச்சாங்க, கிளெண்டா" என்றாள் பெட்ரா. "நீங்க எதைப் பார்த்துச் சிரிச்சீங்கன்னுதான் எங்களுக்குப் புரியணும்."

கிளெண்டா யோசித்தாள். மால்கம் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அவனுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் இருந்தது. அதைவிட, கிரிம்ஸ்பியில் கூட வேலை செய்பவனைக் காட்டிக்கொடுத்தால் அப்புறம் மீன் வாங்கக்கூட வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். அவனே வந்து சொல்வான் என்று நினைத்தாள். அதனால் பெயரை விழுங்கிவிட்டு, ரத்தத்தில் மீன் ஓடுகிறது என்று அவர் சொன்னதும், அன்று அவர் உதடு வீங்கியது ஞாபகம் வந்துவிட்டது என்றாள்.

பெட்ரா பேனாவைக் கீழே வைத்தாள். காகிதப் பெட்டி நகர்ந்தது. ஒருவருடைய உடல்நிலையைக் கேலி செய்வது தனிக் குற்றம், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, வருத்தமாக இருக்கிறது என்றாள். ஒரு குற்றத்தோடு உள்ளே போன கிளெண்டா இரண்டு குற்றத்தோடு வெளியே வந்தாள். அந்த வாரக் கடைசியில் வேலை போனது.

அந்த நாட்களில் மால்கம் போன் செய்யவில்லை. போன் தொலைந்திருக்கும் என்று கிளெண்டா நினைத்தாள். அவன் மனைவி சந்தையில் அவளைப் பார்த்துவிட்டு முட்டைக்கோஸை ரொம்ப நேரம் ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கண் சரியில்லை போலிருக்கிறது என்று கிளெண்டா நினைத்தாள். இப்படி ஒருவருக்காக நாமே சாக்குச் சொல்லிக்கொண்டே போகலாம், அதற்கு அலுப்பே வராது.

மேல்முறையீடு செய்தார்கள். விதிப்படி அதை விசாரிப்பவர் இந்த விஷயத்தோடு சம்பந்தமில்லாத மேலதிகாரியாக இருக்க வேண்டும். மேலதிகாரிகள் அத்தனை பேரும் அன்று கேன்டீனில் இருந்தவர்கள், சிரித்தவர்கள். நிர்வாகம் யோசித்து, கிளெண்டாவை நீண்டகாலமாக அறிந்தவர், நடுநிலையானவர் என்று சொல்லி ஒருவரைப் போட்டது. கடிதத்தில் பெயரைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பே லேசானது. மால்கம் டாசன்.

"மால்கம்மா?" என்றான் டெரிக். "அப்போ திங்கக்கிழமை வேலைக்குப் போற. மதியச் சாப்பாட்டுக்கு சாண்ட்விச் நானே போட்டுத் தர்றேன்."

அறையில் மால்கம் பெட்ராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். டை கட்டியிருந்தான். முப்பது வருஷமாக ஏய் கிளெண்டா என்று கூப்பிட்டவன் எழுந்து நின்று, "வாங்க, மிஸஸ் பாக்லிங்டன். உக்காருங்க" என்றான். அந்த 'வாங்க'வைக் கேட்டதும் அவளுக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது மாதிரி இருந்தது. கேள்விகளை எழுதி வைத்திருந்தான், ஒவ்வொன்றாகப் படித்தான். காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் சிரித்தீர்கள், நிறுத்தச் சொன்னது காதில் விழுந்ததா, வருத்தப்படுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போனான். கடைசியில் ஒரு கேள்வியில் அவன் குரல் கொஞ்சம் வழுக்கியது.

"உங்களைச் சிரிக்க வைக்கிற மாதிரி யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

கிளெண்டா அவனைப் பார்த்தாள். நார்மன் அவளைப் பார்த்தான். பெட்ரா பேனாவோடு காத்திருந்தாள்.

"அதை நீங்களே சொல்லுங்க, மிஸ்டர் டாசன்" என்றாள் கிளெண்டா.

மால்கம் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். பிறகு பெட்ரா பக்கம் திரும்பி, பதில் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றான். பெட்ரா எழுதிக்கொண்டாள். மேல்முறையீடு தள்ளுபடி. முடிவு நியாயமானது, சிரிப்பு அளவுக்கு மீறியது, கையெழுத்து மால்கம் டாசன்.

வெளியே வந்ததும் நார்மன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு என்ன நடக்கிறது என்று கேட்டான். அவள் சொல்லவில்லை. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வீட்டுக்குப் போய், டெரிக் திங்கட்கிழமை சாண்ட்விச்சுக்கென்று வாங்கி வைத்திருந்த பன்றி இறைச்சியைப் பூனைக்குப் போட்டாள்.

நார்மன் மட்டும் சோர்ந்து போகவில்லை. மேல்முறையீடு முறையாக நடக்கவில்லை என்று குறைதீர் மனு ஒன்றை அனுப்பினான். பதில் வந்தது. குறைதீர் மனுவைக் கொடுக்க ஊழியருக்கு மட்டும்தான் உரிமை, இவர் இப்போது ஊழியர் இல்லை. மறுபடி ஊழியராக வேண்டுமென்றால் மேல்முறையீட்டில் ஜெயிக்க வேண்டும், அது முடிந்துவிட்டது. மேல்முறையீடு சரியாக நடக்கவில்லை என்று நினைத்தால் குறைதீர் மனு கொடுக்கலாம். நார்மன் அதை அவள் சமையலறையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தான். முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது.

"அழகா எழுதியிருக்காங்கம்மா" என்றான். "எங்கயும் ஒரு ஓட்டை இல்ல. இனி தீர்ப்பாயம்தான்." அவன் கண் பளபளத்தது.

தீர்ப்பாயத்துக்கு முன்னால் சமரச அதிகாரி என்று ஒருவர் உண்டு. ஒரு பெண் போனில் பேசினாள், வானிலை அறிக்கை வாசிக்கிற குரல். கம்பெனி கொஞ்சம் பணம் தர முன்வந்திருக்கிறது, நல்லபடியாக ஒரு சான்றிதழும் தரும், அதில் சிரிப்பைப் பற்றி எதுவும் இருக்காது என்றாள். பதிலுக்கு இவள் நடந்ததைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது. அப்புறம், சிரித்ததற்கு வருந்துவதாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

வாங்கிக்கொள் என்றான் டெரிக். வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் செத்துப்போய் இருவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

"எனக்கு வருத்தமே இல்லையே. வருத்தம்னு எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"பேனாவால" என்றான் டெரிக்.

அன்று இருவருக்கும் பெரிய சண்டை. இருபத்தேழு வருஷத்தில் நடந்த பழைய பாக்கியெல்லாம் வெளியே வந்தது, மாமியாரின் சவப்பெட்டி உட்பட. கடைசியில் டெரிக் களைத்துப்போய், உனக்கு என்னதான் வேண்டும், பணமா, வேலையா, அந்த க்ரிஸ்பினின் தலையா என்று கேட்டான். அவள் பணம் இல்லை, தலை இல்லை என்றாள். பிறகுதான் முதல் முறையாக அவனிடம் மால்கம் சொன்னதைச் சொன்னாள். மால்கம் ஒரு முறை, ஒரே ஒரு முறை, நானும் சிரித்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும், அதுதான் தனக்கு வேண்டும் என்றாள். டெரிக் டிவியை அணைத்தான். எழுந்துபோய் அவள் மேல் இன்னொரு போர்வையைப் போட்டான். அதற்குப் பிறகு பேனாவைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த இடைவெளியில் அவள் வேறு வேலை தேடினாள். தேடியே ஆக வேண்டும், தீர்ப்பாயத்தில் கேட்பார்கள் என்று நார்மன் சொல்லியிருந்தான். போன இடமெல்லாம் பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். சிரித்ததற்காக அனுப்பிவிட்டார்கள் என்று உண்மையைச் சொன்னாள். கேட்டவர்கள் நன்றாகச் சிரித்தார்கள், அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

வழக்கு ஹல் நகரத்தில் நடந்தது. நார்மன் தன் காகிதங்களைச் சக்கரம் வைத்த பெட்டியில் இழுத்துக்கொண்டு, தன் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். பொத்தான் மூடவில்லை. எதிர்த்தரப்புக்கு லீட்ஸிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்திருந்தார். இளம் வயது, பளிச்சென்ற பல் வரிசை, சிரிப்பு என்ற வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் கையுறை போட்டுக்கொண்டு அதைத் தூக்குவது மாதிரி ஒரு முகம். நீதிபதி நரைத்த தலைப் பெண்மணி. எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டார், ஒருமுறை கூட முகம் மாறவில்லை.

முதலில் கம்பெனித் தரப்புச் சாட்சிகள். பெட்ரா வந்து, அந்தச் சிரிப்பால் பணியிடத்தின் மன ஆரோக்கியம் பாதிக்கப்பட்டது என்றாள். அன்று மாதிரி சந்தோஷமான நாள் தொழிற்சாலையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பது கிளெண்டாவுக்குத் தெரியும். பிறகு க்ரிஸ்பின் வந்தார். உங்களுக்கு மீன் ஒத்துக்கொள்ளுமா என்று நார்மன் கேட்டதற்கு வழக்கறிஞர் ஆட்சேபம் எழுப்பினார். நீதிபதி, ரத்தத்தில் ஓடுவதாக அவரே சொல்லியிருப்பதால் பதில் சொல்லலாம் என்றார்.

"மீனோட எனக்கு இருக்கிற உறவு கொஞ்சம் சிக்கலானது" என்றார் க்ரிஸ்பின். நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

கடைசியாக மால்கம். உண்மை தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தான். நார்மன் தன் பட்டியலைப் பிரித்து, அன்று கேன்டீனில் யார் எங்கே நின்றார்கள் என்று கேட்க ஆரம்பித்தான். டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில் யார், ஜன்னலோரம் யார், எந்த மேஜை எந்தப் பக்கம் என்று நீட்டிக்கொண்டே போனான். வழக்கறிஞர் கொட்டாவியை விழுங்கினார். இதெல்லாம் எதற்கு என்று நீதிபதியே ஒருமுறை கேட்டார். முழுப் படம் வேண்டும் என்றான் நார்மன். உண்மையில் அவனுக்கும் எதற்கென்று தெரியாது. தீர்ப்பாயத்தில் கேள்வி கேட்கும் சுகத்தை அவ்வளவு சீக்கிரம் விட மனமில்லை. அந்தக் கேள்விகளுக்கு நடுவே மால்கம், தான் கிளெண்டாவுக்கு இடது பக்கம், தோளுக்குத் தோள் நின்றதாகவும், வலது பக்கம் சுவர் என்றும் சொன்னான்.

"நீங்க சிரிச்சீங்களா?" என்று கேட்டான் நார்மன்.

கிளெண்டா மேஜைக்கு அடியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெரிக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். மால்கம் தொண்டையைச் செருமினான்.

"இல்ல" என்றான். "நான் இருமினேன்."

நீதிபதி தலை நிமிர்ந்து, எவ்வளவு நேரம் இருமினீர்கள் என்று கேட்டார்.

"மிஸஸ் பாக்லிங்டன் சிரிச்சு முடிக்கிற வரைக்கும்" என்றான் மால்கம்.

பின்வரிசையில் பத்திரிகைக்காரன் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். வழக்கறிஞர் கூரையைப் பார்த்தார். வேறு எந்த நாளாக இருந்தாலும் கிளெண்டாவின் லாரி அங்கேயே கிளம்பியிருக்கும். அன்று மூக்கில் சீறல்கூட வரவில்லை. அவன் டை ஒரு பக்கமாகக் கோணியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சரிசெய்யச் சொல்ல அவனுக்கு அங்கே யாரும் இல்லை.

மதியத்துக்குப் பிறகு அவள் முறை. வழக்கறிஞர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஆணியை அடிக்கிற மாதிரி ஒரு கேள்வியைப் போட்டார். ஆக, அந்த நேரத்தில் யாரும் உங்களைத் தூண்டவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை, தலைவர் மீது இருந்த வெறுப்பில் நீங்களாகவே சிரித்தீர்கள், அப்படித்தானே?

இத்தனை மாதம் விழுங்கி வைத்திருந்ததை இன்னும் விழுங்கத்தான் அவள் வந்திருந்தாள். ஆனால் உறுதிமொழி எடுத்திருந்தாள். தவிரவும், வெறுப்பு என்ற அந்த வார்த்தை அவளைச் சுட்டது. அவள் யாரையும் வெறுத்துச் சிரித்ததில்லை.

"என் இடது காதுல ஒருத்தர் ஒண்ணு சொன்னாங்க" என்றாள். "அதுக்குத்தான் சிரிச்சேன்."

வழக்கறிஞர் வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டார். வேறு கேள்வி இல்லை என்றார். ஆனால் நீதிபதிக்கு இருந்தது. யார் சொன்னது என்று கேட்டார்.

"என்னை ஒருத்தர் வேலையை விட்டு அனுப்பினாங்கன்னுதானே நான் இங்க வந்திருக்கேன், அம்மா. இன்னொருத்தரை அனுப்பி வைக்க வரல. பேரு சொல்ல மாட்டேன்."

நீதிபதி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தான் எழுதிய தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, விரலை வைத்து, வரியைப் படித்தார். தலையை உயர்த்தி மால்கம் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். மால்கம் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டுமென்று இல்லை, நன்றி என்றார் நீதிபதி. நார்மனுக்கு அப்போதுதான் தன் கேள்விகள் எதற்கு என்று புரிந்தது. ஆரம்பத்திலிருந்தே திட்டமிட்டுத்தான் கேட்டேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தீர்ப்பு சில வாரங்கள் கழித்துத் தபாலில் வந்தது. பணிநீக்கம் அநியாயம். மேல்முறையீட்டை விசாரித்தவர் அந்தச் சிரிப்பில் தானே பங்குகொண்டவர் என்று தோன்றுகிறது. இருமல் என்ற விளக்கத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. மனுதாரரின் சிரிப்பு இயல்பானதே. எனினும் நிறுத்தச் சொன்ன பிறகும் தொடர்ந்தது ஓரளவு அவருடைய பிழை, ஆகவே இழப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நார்மன் இதை விளக்கினான். "சிரிப்புல முதல் பாதி சட்டப்படி சரி. ரெண்டாவது பாதிக்குத்தான் அபராதம்."

அவளை மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவு. க்ரிஸ்பினுக்கு மனம் நோகும் என்று கம்பெனி மறுத்துப் பார்த்தது. ஆனால் அதற்குள் க்ரிஸ்பின் இதைவிடப் பெரிய கம்பெனி ஒன்றுக்குப் பெரிய சம்பளத்தில் போய்விட்டார். கேன்டீனில் கேக் வெட்டி, அவருடைய தலைமைக்கு நன்றி சொல்லி வழியனுப்பினார்கள். நொந்துபோக மனம் எதுவும் மிச்சம் இல்லாததால் கிளெண்டா ரொட்டித்தூள் வரிசைக்குத் திரும்பினாள். டீ இடைவேளை அவர் குறைத்தபடியே இருந்தது. பெட்ரா 'கூட்டங்களில் பொருத்தமான மகிழ்ச்சி' என்ற தலைப்பில் பயிற்சி வகுப்பு ஒன்றை ஏற்பாடு செய்திருந்தாள். முதல் வரிசையில் கிளெண்டாவுக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள். போய் உட்கார்ந்தாள், கையெழுத்துப் போட்டாள், வந்துவிட்டாள்.

மால்கமை உடல்நலக் காரணத்தால் முன்கூட்டியே ஓய்வில் அனுப்பினார்கள். என்ன உடல்நலக் குறைவு என்று கடிதத்தில் இல்லை. இருமல் என்று ஊரே சொல்லிக்கொண்டது. ஹல்லுக்கு வந்திருந்த பத்திரிகைக்காரன் தன் வேலையைச் செய்திருந்தான். அதன்பிறகு மால்கம் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் இருமினார். மதுக்கடையில் அவன் கதவைத் திறந்தால் ஒரு மேஜை முழுக்க இருமியது. மருந்துக்கடைக்காரர் கேட்காமலே இருமல் மிட்டாய் எடுத்து நீட்டினாராம். முதலில் சில வாரம் கிளெண்டாவுக்கு அது இனித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. யாராவது புதிதாக ஒரு கதை கொண்டுவந்தால் இரண்டாவது முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு ஒரு நாள் அவன் மனைவி சந்தைக்கே வருவதில்லை, சாமான்கள் வீட்டுக்கு வண்டியில் வருகின்றன என்று கேள்விப்பட்டாள். அந்தக் கதையை இரண்டாவது முறை கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை மீன் வறுவல் கடையில் வரிசையில் நின்றபோது, தனக்கு முன்னால் நிற்கும் முதுகு யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனும் எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டான். வெகுநேரம் திரும்பவில்லை. வரிசை நகர்ந்தபோதுதான் அரைகுறையாகத் திரும்பினான்.

"அந்த அப்பீல் ரூம்ல நீ என் பேரைச் சொல்லியிருக்கலாம்" என்றான். குரல் உள்ளே போயிருந்தது. "ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு நெனச்சேன்."

மால்கம் பைக்குள் காசைத் தேடினான்.

"ஹல்லுலயும் நெனச்சேன்" என்றாள் கிளெண்டா. "நீ தொண்டையைச் செருமினப்பகூட, இதோ சொல்லப்போறான்னுதான் நெனச்சேன்."

"பயமா இருந்துச்சு. ரெண்டு வருஷம்தானே, ஓட்டிடலாம்னு பார்த்தேன்." கொஞ்சம் நிறுத்தினான். "நான் சிரிச்சேன், கிளெண்டா. உன்னைவிட ஜாஸ்தியா சிரிச்சேன். வயிறு வலிச்சுது."

"தெரியும். பக்கத்துலதானே இருந்தேன்."

வரிசையின் பின்னாலிருந்து லாரி ஓட்டுகிற ஒருவன் நீளமாக, ரசித்து இருமினான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கிளெண்டா திரும்பினாள்.

"போதும்டா. மீன் வாங்க வந்தியா, நாடகம் போட வந்தியா?"

இருமியவன் விலைப்பட்டியலைப் படிக்க ஆரம்பித்தான். மால்கம் தன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான், ஆனால் போகவில்லை. சுடச்சுட அதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே, ஒரு நாள் வீட்டுக்கு வரட்டுமா, டெரிக்கையும் பார்த்து நாளாச்சு என்று கேட்டான்.

அவள் அதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். அவனை நாற்காலியில் உட்கார வைத்து, டீ கொடுத்து, பழைய கதை பேசுவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நடுவில் எங்கேயோ அவன் எழுந்து நின்று வாங்க மிஸஸ் பாக்லிங்டன் என்று சொல்வது மாதிரி இருந்தது.

"வேணாம், மால்கம்" என்றாள். "இப்ப வேணாம்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். கடைக்காரப் பெண் வழக்கமானதுதானே என்று கேட்டாள். கிளெண்டா இரண்டு ஹாடக் என்றாள், டெரிக்குடையதற்கு வினிகர் அதிகமாக ஊற்றச் சொன்னாள்.